கேட்கும் தூரத்தில்

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். காலையில் இந்த இடத்துக்கு நல்ல வெயில் வரும். உங்கள் அம்மா இங்கேதான் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதுகு வாசல் பக்கம் இருக்கும். நான் ஒன்றையும் இடம் மாற்றவில்லை.

நீங்கள் மேசைமேல் வைத்த டப்பாவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அம்மாவின் காது மெஷின். அவர்கள் இறந்த பிறகு முதியோர் இல்லத்தில் மற்ற பொருள்களோடு இதையும் உங்களிடம் கொடுத்திருப்பார்கள். வேறு கடையில் காட்டினேன், மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள், பிறகு ஏன் அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் கடைக்காரர் சொன்னதும் சரிதான். அதைப் பொருத்தியவன் நான். என் வேலையில் யாரும் இதுவரை குறை கண்டதில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் கிடைப்பதும் எனக்கு அடிக்கடி நடப்பதில்லை.

கடைக்கு வர முடியாத பெரியவர்களின் வீட்டுக்குப் போய்க் காதைச் சோதித்து, அச்சு எடுத்து, மெஷின் பொருத்துவது என் வேலை. இந்த ஊரில் எந்த வீட்டுத் தரகரைவிடவும் அதிக வீடுகளுக்குள் நான் போயிருக்கிறேன். பாதி வீடுகளில் ஒரே காட்சிதான். மூன்று அறை, ஒரே ஆள். இரண்டு அறைகளில் பழைய துணியும் தூசியும் குடியிருக்கும். வேலை முடிந்து நான் திரும்புகிற அறையில் நாங்கள் நான்கு பேர். கட்டில் எனக்குப் பாதி. மீதி, இரவுக் காவல் வேலை பார்க்கிற ஒருவருக்கு. காலையில் அவர் வந்து தட்டி எழுப்பும்போது தலையணை சூடாக இருக்கும், அந்தச் சூட்டிலேயே அவர் படுத்துவிடுவார். நல்ல மனிதர். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

வங்கியில் எனக்குக் கொடுக்கச் சம்மதித்த கடனுக்கு ஒரு பால்கனி வந்திருக்கும். அதுவும் வேறு யாருடைய வீட்டிலோ. பக்கத்துக் கண்ணாடிக் கடையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். எங்களுக்குள் எல்லாம் பேசி முடிவாகியிருந்தது. "சொந்த வீடெல்லாம் வேணாம்பா. கதவைச் சாத்திக்க ஒரு ரூம் இருந்தா போதும்" என்பாள். அதைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. பல வருஷம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அறையில் மூன்று பேர் இருந்ததால், அழுவதற்குப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் அம்மா வீட்டுக்கு வந்தேன். காது அச்சு காய்கிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்ததையும், அந்தச் சம்பளத்திலேயே இந்த வீட்டை வாங்கியதையும் சொன்னார்கள்.

"அப்பல்லாம் வாங்கிடலாம் தம்பி. ரெண்டு வருஷம் புதுத்துணி எடுக்கல. முன்பணம் சேர்ந்துடுச்சு."

பெருமைக்காகச் சொல்லவில்லை, வெள்ளை மனசு. நானும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயுள் முழுக்க அம்மணமாக அலைந்தாலும் எனக்கு முன்பணம் சேராது. சிரிப்புத்தான் வந்தது. சாத்தியிருந்த அறையைக் காட்டி அது யாருடையது என்று கேட்டேன். "என் பொண்ணு ரூம். இந்த ஊர் வாடகைக்குப் பயந்து எங்கேயோ போய் உக்காந்திருக்கா. என்னிக்காவது வருவா" என்றார்கள். உங்களைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது அப்படித்தான். எனக்கு உங்கள்மேல் கோபம் எதுவும் வரவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி.

மெஷினை முதல் நாள் ஒழுங்காகத்தான் பொருத்தினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். போட்டதும் அம்மா சமையலறைப் பக்கம் திரும்பி, "ஃபிரிட்ஜ் எப்பவும் இப்படித்தான் முனகுமா?" என்று கேட்டார்கள். உடனே உங்களுக்குப் போன் செய்தார்கள். நீங்கள் சிரித்தது போனுக்கு வெளியே வரைக்கும் கேட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு நான் இதோ இந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் பேசினீர்கள். நான் கிளம்பியதுகூட அம்மாவுக்குத் தெரியாது.

அடுத்த தடவை வந்தபோது கொஞ்சம் மாற்றினேன்.

பலரும் சத்தத்தைக் குறைத்தால் காது கேட்காமல் போகும் என்று நினைக்கிறார்கள். அது முரட்டு வேலை. கேட்கவில்லை என்றால் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள், கடைக்குப் போன் போகும். பேச்சில் ஓசை ஒரு பக்கம், வார்த்தையைப் பிரித்துக் காட்டுகிற மெல்லிய ஒலிகள் ஒரு பக்கம். அந்த மெல்லிய ஒலிகளை மட்டும் இறக்கிவிட்டால் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. அப்படி ஆகிறவர்கள் மெஷினைச் சந்தேகப்படுவதில்லை. தங்கள் தலையைத்தான் சந்தேகப்படுவார்கள். இந்த மெஷினுக்குள் இரண்டு விதமான அமைப்பு வைத்தேன், ஒன்று சரியானது, இன்னொன்று இது. பேட்டரி மாற்றினாலும் இதுதான் முதலில் வரும். சரியானதுக்கு மாற்ற என் போனில் ஒரு விரல் போதும், பக்கத்தில் இருந்தால். மாறும்போது வருகிற மணி ஓசையையும் எடுத்துவிட்டேன்.

நான் சனிக்கிழமைதோறும் வருவேன். கதவைத் திறந்ததும் சரியானதுக்கு மாற்றுவேன். கிளம்பும்போது பழையபடி இறக்கிவிடுவேன். வேறொன்றும் நான் செய்யவில்லை.

அம்மா டிவி போடுவதை நிறுத்தினார்கள். எதிர்வீட்டு அம்மாள் வந்து பேசினால் தலையை மட்டும் ஆட்டினார்கள், அந்த அம்மாளும் வருவதைக் குறைத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தம் கேக்குது தம்பி, வார்த்தை புரியல. எனக்குத் தலையில ஏதோ ஆயிடுச்சு" என்றார்கள். அழுதார்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. வயதானால் இப்படித்தான் என்று சமாதானம் சொன்னேன். அப்போது என் முகத்தையே பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "நீ பேசினா மட்டும் எனக்குப் பளிச்சுனு புரியுது. அது எப்படிப்பா?"

அப்படி ஒரு வார்த்தையை அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. ஊரில் என் அண்ணன்கூட நான் போன் செய்தால் வேலையாக இருப்பதாகத்தான் சொல்வான். ஒரு மனுஷிக்கு உலகத்திலேயே என் குரல் மட்டும் புரிகிறது என்பது சின்ன விஷயமா, நீங்களே சொல்லுங்கள். அன்றிலிருந்து நான் புதன்கிழமையும் வர ஆரம்பித்தேன்.

நான் இருக்கும்போது நீங்கள் போன் செய்தால், பேசி முடிகிற வரைக்கும் மெஷினை இறக்கி வைப்பேன், அம்மா போனை என்னிடம் கொடுப்பார்கள். "என் பொண்ணு என்ன சொல்றான்னு கேட்டுச் சொல்லு." கடைசியாக அப்படிப் பேசினபோது நீங்கள் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கேயும் வாடகை கட்டுப்படியாகவில்லை, வேலையை இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டு அம்மாவோடு வந்துவிடுகிறேன், அறையை ஒழித்து வைக்கச் சொல்லுங்கள் என்றீர்கள். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நல்லா இருக்காங்களாம். வேலை ஜாஸ்தியாம், இப்போதைக்கு வர முடியாதாம்" என்றேன். அம்மா சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, எனக்கு டீ போட எழுந்து போனார்கள். டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள். நான் அப்படியே குடித்தேன்.

நீங்கள் அழ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதற்குமேல்தான் நீங்கள் கேட்க வந்தது இருக்கிறது.

நீங்கள் பெட்டியோடு வந்த அன்றைக்கு நான் உள்ளே இருந்தேன். சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். காது மெஷின்காரன் என்று சொல்லிவிட்டு, "அம்மா உங்களைப் பாக்க வேணாம்னு சொல்றாங்க. வீட்டுக்காகத்தான் வந்திருக்கீங்கன்னு நினைக்கிறாங்க" என்றேன். நீங்கள் நம்பவில்லை. யாரும் நம்ப மாட்டார்கள்தான். இடுக்கில் முகத்தை வைத்து, "அம்மா, நான்தாம்மா" என்று கூப்பிட்டீர்கள். அம்மா இங்கே, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலிருந்து நாலு எட்டு இருக்குமா? மறுபடியும் கூப்பிட்டீர்கள். தெருவில் போகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். அம்மா திரும்பவே இல்லை. கையில் ஆரஞ்சுப் பழத்தை வைத்துத் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது தடவை நீங்கள் கூப்பிடவில்லை. பெட்டியின் ஒரு சக்கரம் தேய்ந்திருந்தது போல, படியில் இறங்குகிற சத்தம் கீழ்வரைக்கும் கேட்டது.

என் இடது கை அப்போது சட்டைப் பையில், போன்மேல் இருந்தது. வாசல் மணி அடித்தவுடனேயே மெஷினை முழுக்க அணைத்துவிட்டேன். உங்கள் அம்மா உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் வந்ததே அவர்களுக்குத் தெரியாது. கதவைச் சாத்திவிட்டு வந்து திரும்பவும் போட்டேன்.

"யாரு தம்பி வாசல்ல?"

"கொரியர்மா. வீடு மாறி வந்துட்டான்."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சில் பாதியை எனக்குக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் போன் செய்யவில்லை. அம்மாவும் கொஞ்ச நாள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டார்கள். ஒரு புதன்கிழமை அவர்களாகவே பேச்சை எடுத்தார்கள். "அவ வரமாட்டா. தனியா இருக்கப் பயமா இருக்குப்பா. ஒரு இல்லத்துல சேர்ந்துடுறேன். இந்த வீட்டை நீயே எடுத்துக்கோ, உன்னால முடிஞ்சதைக் குடு." நான் வாய் திறந்து வீட்டைக் கேட்கவே இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். என் கடனுக்கு எட்டிய விலையை அம்மாதான் வைத்தார்கள்.

இல்லத்துக்கு ஒரே ஒரு தடவை போனேன். வரிசையாகக் கட்டில்கள். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மெஷினைச் சரிசெய்ததும் நிமிர்ந்து, "வந்துட்டியா" என்றார்கள். அப்புறம் கட்டில் கட்டிலாகத் திரும்பிப் பார்த்தார்கள். "இவங்க எல்லாம் பேசுறாங்க தம்பி. எனக்குப் புரியுது" என்றார்கள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் பேரைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "இப்ப நல்லாத்தானே இருக்கு. நான் வீட்டுக்கே வந்துடட்டுமா?" என்றார்கள்.

நான் அப்போது இந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் பழகியிருந்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை. அங்கே என்னைத் தவிர வேறு யாராலும் அதை ஏற்றியிருக்க முடியாது. எட்டு மாதம் அவர்கள் அப்படியே இருந்தார்கள். போன மாதம் இறந்தார்கள். செய்தது நான்தான். போலீஸ் கேட்டாலும் இதையேதான் சொல்வேன், ஒரு வார்த்தை மாற மாட்டேன்.

கிளம்புகிறீர்களா? ஒரு நிமிஷம். உங்கள் அறையை வந்து பாருங்கள். ஜன்னலைத் துடைத்து, விரிப்பு மாற்றி வைத்திருக்கிறேன். நான் அதில் ஒருநாளும் படுத்ததில்லை. இந்த வீட்டில் பேச்சுக்குரலே இல்லை. ஃபிரிட்ஜ் முனகுகிறது, அவ்வளவுதான். அம்மா இருந்தபோதாவது சனி, புதன் என்று இருந்தது. உங்களுக்கும் இந்த ஊரில் வீடு கிடைக்கப்போவதில்லை, இது உங்கள் சம்பளத்துக்கும் தெரியும். அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் பிள்ளையாக இருந்தவன் நான், அதனால் அக்கா என்று கூப்பிடலாம் அல்லவா? பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் அக்கா. ஒரு தடவை மணி அடித்தால் போதும். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.