நாற்பதாயிரத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் நடுவே

மச்சானின் சுற்றுலா வீடியோவை ஏற்றி வைக்க ஆபீஸ் சர்வரில் இடம் போதவில்லை. எல்லாம் அதில்தான் தொடங்கியது. வேண்டாதவை என்று நினைத்துப் பத்தொன்பது கோப்புகளை அழித்தேன். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஆயிரம் பயிற்சிப் படிக்கு ஒரு நகல் எடுத்து வைப்போம், எந்தத் திறமை எப்போது வந்தது என்று பின்னால் பார்ப்பதற்காக. நான் அழித்தது நாற்பதாயிரத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் நடுவிலிருந்த நகல்கள்.

விளைவு, வரைபடத்தில் மாதிரி நாற்பதாயிரம்வரை கூட்டலே தெரியாத மக்கு, அறுபதாயிரத்தில் கணக்குப் புலி. இயக்குநர் பார்த்துவிட்டு, "ஒரே தாவல்யா, பெரிய கண்டுபிடிப்பு" என்றார். அந்த மனிதரின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டுரை வந்தது. எனக்கு ஜன்னலோர அறையும் வந்தது.

அந்தத் தாவலுக்குக் காரணம் கண்டுபிடிக்க ஓர் ஆய்வு மாணவியை என்னிடம் சேர்த்தார்கள். மாதிரிக்கு முதலிலிருந்து மறுபடி பயிற்சி கொடுத்துப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"அண்ணா, தாவலே இல்லண்ணா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கத்துக்குது."

"உன் நிரல்ல எங்கியோ தப்பு இருக்கும்மா. நல்லாத் தேடு" என்றேன். டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

எட்டு மாதம் தேடினாள். அறையைப் பூட்டினோமா என்று மூன்று தடவை திரும்பி வந்து பார்க்கும் அளவுக்குப் போய்விட்டாள். என் மனசு கல் இல்லை. இல்லாத தப்பை ஒரு பெண் எத்தனை நாள்தான் தேடுவாள்? ஒரு மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் நிரலில் நானே ஒன்றை வைத்தேன். சிரமப்படக் கூடாதென்று, கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துத்தான் வைத்தேன்.

மறுநாளே "கெடச்சிருச்சுண்ணா" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்க ஆபீஸ் கணினியில் நேரம் கேட்டாள். கொடுப்பது என் கையில்தான் இருந்தது. எதற்கு அவளை மேலும் அலைக்கழிப்பது என்று கொடுக்கவில்லை. தன் வேலை முழுவதும் தவறு என்று கைப்பட எழுதிக் கொடுத்தாள். அதை வைத்து அவளை நீக்கினார்கள். நீக்கல் குறிப்பில் 'நேர்மையானவர்' என்று சேர்த்தது நான்தான்.

நான் செய்தது அவள் நிம்மதிக்காகத்தானே என்று விசாரணைக் குழுவான உங்களைக் கேட்டால், பதிவு செய்துகொள்கிறோம் என்கிறீர்கள். என் மனைவியைக் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள். அதனால் நேற்று அந்த மாணவியிடமே போனேன். அவள் அண்ணனின் செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன்.

"உன் நிம்மதிக்குத்தாம்மா பண்ணேன். புரியுதுல்ல?"

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"புரியுதுண்ணா. அந்த எட்டு மாசத்துல நான் ஒரு தப்பும் பண்ணல. பண்ணது நீங்க. கஸ்டமர் நிக்கிறாங்க, தள்ளிக்கோங்க."