துளைக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, தச்சர் சங்கத்துத் தோழர்களே, ஊர்ப் பெருமக்களே, மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் திரு. பிர்மின் ஃபிங்க் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

தலைமைத் தச்சர் ரோஸ்விதா நாட்டர் மறைந்துவிட்டார். யார் இந்த ரோஸ்விதா? மாளிகை கட்டியவரா? இல்லை. பேருந்துக்கு நிற்பவர்களுக்கு அறை கட்டியவர். தேனீ வளர்ப்பவருக்குக் குடில் கட்டியவர். பள்ளத்தாக்கே பனியில் விறைத்துக் கிடக்கும்போது, நாலு பேருடைய உடம்புச் சூட்டிலேயே கதகதப்பாக இருக்கும் வீடுகளைக் கட்டியவர். இத்தனூண்டு வீட்டுக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் சொல்வார்: “பெரிய வீட்ல ஒரு ஓட்டை இருந்தா தெரியாது. சின்ன வீட்ல அது ஒண்ணே போதும், வீடே போச்சு.”

அவர் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. சுவருக்குள் காற்று கசியாமல் தடுக்கும் தாளில், குழாய்க்கோ கம்பிக்கோ எவன் துளை போட்டாலும், பக்கத்தில் பென்சிலால் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பிறகு அவனே அதை ஒட்டி அடைக்க வேண்டும். எழுதாதவனுக்கு மதியச் சாப்பாடு கிடையாது. ஆறு வருடம் அவரிடம் தொழில் கற்று, பிறகு தனிப் பட்டறை வைத்த பிர்மினுக்கு இது நன்றாகத் தெரியும்.

போன ஆண்டு மேய்ச்சல் மலையில் இடையர்களுக்கு மாதிரிக் குடில் ஒன்றை ரோஸ்விதா கட்டினார். சோதனையில் தேறினால் இன்னும் பதினொரு குடில்கள் அவருக்கு. கசிவை அளக்கக் கதவில் விசிறியைப் பொருத்திக் காற்றை இழுத்த சோதனைக்காரன் நான். காற்றுக் கசிவு புள்ளி ஆறுக்குள் இருக்க வேண்டும். கருவி காட்டியதோ ஒன்று புள்ளி ஒன்பது. அந்த எண்ணை எழுதியது இந்தக் கைதான். கசிவு எங்கே என்று தேட ஊராட்சிக்காரர்கள் எனக்கு அரை நாள் தந்தார்களா? தரவில்லை. எண் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு மலையிறங்கினார்கள்.

ஊராட்சிக் கூட்டத்தில் பிர்மின் எழுந்து என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? “மாஸ்டருக்கு வயசாயிடுச்சு, பாவம். கை நடுங்குது.” பதினொரு குடில்களும் பிர்மினுக்குப் போயின.

நடுங்கிய கையா அது! பனி உருகியதும் தனியாக மலையேறி, அடுப்போரப் பலகையைப் பெயர்த்த கை அது! அந்தப் பலகையைப் பொருத்த உதவிக்கு வந்தவர் யார்? பிர்மின். பலகைக்குப் பின்னால், தாளில் முஷ்டி அளவுக்கு ஒரு துளை. அதில் குழாய் இல்லை, கம்பி இல்லை, ஒட்டும் இல்லை. ஆனால் பெயர் இருந்தது! வெட்டி எடுத்த தாள் இதோ. படிக்கிறேன்: பி. ஃபிங்க், அக்டோபர் ஒன்பது. சோதனை நடந்தது அக்டோபர் பத்து.

குடியைக் கெடுக்கப் போட்ட துளைக்கும் பழக்கதோஷத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எப்பேர்ப்பட்ட ஆசிரியர் ரோஸ்விதா, பார்த்தீர்களா?

மருத்துவமனையில் இந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். உடனே ஊராட்சிக்குப் போகலாம் என்று துடித்தேன். தடுத்துவிட்டார். “இப்ப வேணாம், ஒத்மார். நோயாளி புலம்புறாம்பாங்க. என் இரங்கல் கூட்டத்துல படி. அவன் கண்டிப்பா வருவான், சாப்பாடு உண்டுல்ல.”

வந்திருக்கிறார். தலை குனிந்திருக்கிறார். பங்குத் தந்தை என் கோட்டைப் பிடித்து இழுக்கிறார். மன்னிப்பைப் பற்றி அவர் ஞாயிற்றுக்கிழமை பேசட்டும், தடுக்க மாட்டேன். மாஸ்டர் மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை.

தலைவர் அவர்களே, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் விசிறி மீண்டும் அந்த மாதிரிக் குடிலின் கதவில் ஏறும். புதிய எண்ணை ஊர்ப் பலகையில் ஒட்டுவேன், பக்கத்தில் இந்தத் தாளையும் ஒட்டுவேன். இன்னும் எழும்பாத அந்தப் பதினொரு குடில்களையும் ரோஸ்விதாவின் பட்டறைதான் கட்டும். அவர் படத்தின் முன் நாங்கள் கொடுக்கும் வாக்கு இது.

பிர்மின் அவர்களே, எழுந்து போகாதீர்கள், மதியச் சாப்பாடு இன்னும் வரவில்லை. துளை போட்டவன்தான் அடைக்க வேண்டும். திங்கட்கிழமை மலைக்கு வாருங்கள். ஒட்டும் பட்டை நான் கொண்டு வருகிறேன். பென்சில் உங்களிடம் இருக்கும்.