மூக்குதான் சாட்சி

"கேஸ் முடியற வரைக்கும் மூக்குல கைவைக்கக் கூடாது."

உத்திரமேரூரிலிருந்து நான் கல்லூரிக்குப் போகும் பேருந்தில், முன் இருக்கையில் ஓர் அம்மா தன் மகளிடம் இப்படிச் சொன்னாள். மகளின் மூக்கு நடுவில் மேடிட்டு, நுனியில் வளைந்திருந்தது.

"பெரிய ஆபரேஷன் இல்லம்மா. மூக்குக்குள்ளயே சின்னதா கீறி எலும்ப இழைச்சுடுவாங்க. வெளிய தழும்பே தெரியாது."

"அதான்டி பேஜார். தழும்பு இருந்தாலாவது ஆபரேஷன் பண்ணிக்கினான்னு சொல்லலாம். நான் ரெண்டாந்தாரம். கல்யாண போட்டோ கூட இல்ல. நீ உங்கப்பனுக்கே பொறக்கலன்னு உங்க பெரியப்பன் கோர்ட்டுல சொல்லிக்கினு கீறான். நெலத்துல பங்கு கேக்க நம்மகிட்ட இன்னா கீது? அந்த மூக்குதான் கீது."

"ரத்தம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்."

"யார் ரத்தத்தோட ஒத்துப் பாப்பாங்க? உங்கப்பன எரிச்சாச்சு. உங்க பெரியப்பனா குடுப்பான்?"

"ஜட்ஜு மூக்கப் பாத்தா தீர்ப்பு சொல்வாரு?"

"அவரு பாக்காட்டி போறாரு. ஊரு பாக்குதில்ல?"

"காலேஜுல கிளின்னு கூப்பிடறானுங்கம்மா."

"கூப்பிடட்டும். உங்கப்பனையும் அப்பிடித்தான் கூப்புட்டாங்க."

மானாம்பதி நிறுத்தத்தில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் ஏறினார். அதே மேடு, அதே வளைவு. அம்மா மகளின் தொடையைக் கிள்ளி, "பெரியப்பன்டி" என்றாள். மகள் முகத்தை நன்றாக நிமிர்த்தி அவரையே பார்த்தாள்.

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் மூக்கைப் பொத்திக்கொண்டார். காஞ்சிபுரம் வரும்வரை எடுக்கவில்லை.