அச்சு காயுற வரைக்கும்

இல்லம்மா, மூக்கை மூட மாட்டேன். மூச்சு விட ரெண்டு ஓட்டையும் அப்படியே விட்டுடுவேன், பயப்படாதீங்க. எலும்பு முறிஞ்சா ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போடுவாங்களே, அதே துணிதான் இது. நனைச்சு ஒட்டினா முதல்ல சில்லுன்னு இருக்கும், அப்புறம் லேசா சூடாகும், அப்புறம் இறுகிடும். அவ்வளவுதான் சங்கதி. இப்ப கண்ணை மூடிக்குங்க. வாயையும். இனிமே பேசக் கூடாது. உதடு அசைஞ்சா அச்சு கோணிக்கும், அப்புறம் என் வாயை ஏண்டி இப்படி கோணலா பண்ணேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவீங்க.

கை ரெண்டையும் பலகை மேல வைங்க, அதையும் சேர்த்தே எடுத்துடறேன். முகமும் கையும் ஒண்ணா இருந்தாத்தான் ஆள் யாருன்னு தெரியும். ஏதாவது சொல்லணும்னா காலால தட்டுங்க. ஒரு தட்டு தட்டினா சரி, ரெண்டு தட்டினா வேணாம். எங்க, தட்டுங்க பாக்கலாம்? ஆங், அப்படித்தான். புருவத்துல வாஸ்லின் நல்லா அப்பியிருக்கேன். ஆனா காயறதுக்குள்ள இழுத்தா புருவம் துணியோட வந்திடும், சொல்லிட்டேன். அதனால அசையாம இருக்கறது உங்களுக்குத்தான் நல்லது.

என்னமோ கேட்டீங்களே, துணி, மாவு, தகரம், சாக்குன்னு எல்லாத்தையும் ஏம்மா போட்டுக் குழப்பறே, ஒரு படத்தை ஒழுங்கா வரையக் கூடாதான்னு. வரையலாம். ஒரே பொருளை வெச்சு வேலை செய்யணும்னா ஒரே இடத்துல இருந்திருக்கணும்மா. நாங்க எங்க இருந்தோம்? முகாம்ல இருந்தப்ப கையில கெடச்சது சிமெண்டு சாக்குக் காகிதம், அதைக் கிழிச்சு ஒட்டினேன். அப்புறம் வேற நாடு. அங்க அம்மா ஆஸ்பத்திரியில தரை துடைச்சாங்க. வீணாப் போற மாவுக்கட்டுத் துணியைச் சுருட்டி எடுத்துட்டு வருவாங்க, நான் விளையாட. அதுல நான் முதல்ல அச்சு எடுத்தது என் தம்பியோட குதிகாலை. ஓன்னு அழுதான், காலையே கழட்டிடுவேன்னு நெனைச்சுட்டான். அங்கேருந்தும் போங்கன்னாங்க, திரும்பி நம்ம நாட்டுலயே இன்னொரு ஊர், அங்க தகரம்தான் கெடச்சுது. ஒருத்தர் பத்திரிகையில எழுதறாரு, பல்வேறு பொருட்களின் கலப்பில் புலம்பெயர்வின் ஆறாத ரணம்னு. ரணமாவது ஒண்ணாவது. தெருவுல என்ன கெடந்துச்சோ அதைப் பொறுக்கினேன்.

என்ன, ஒரு தட்டு? ஓ, கன்னம் சூடாகுதா. ஆகும், ஆகும். இறுகுதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணும் சொல்வாங்க என் வேலையைப் பத்தி. என்ன செஞ்சாலும் நடுவுல ஒரு வெத்திடம் விடறாளேன்னு. அது எங்கம்மா விட்ட இடம். எந்த ஊர்ல எந்த ரூமுக்குக் குடி போனாலும் பையை இறக்கறதுக்கு முன்னாடி ஜன்னலோரமா ஒரு இடத்தை ஒதுக்கிடுவாங்க. அங்க பாய் விரிக்கக் கூடாது, செருப்பு விடக் கூடாது. இருக்கறதே தீப்பெட்டி மாதிரி ரூம். நானும் தம்பியும் சுருண்டுதான் படுப்போம். தூக்கத்துல கால் நீண்டுடுச்சுன்னா தொடையில சுளீர்னு ஒண்ணு விழும். அது தையல் மெஷின் இடம்டீ, காலை மடக்கும்பாங்க. சுவரோரமா இன்னொரு இடம், அது பீரோவுக்கு. கட்டில் வாங்கவே மாட்டேன்னுட்டாங்க. ஏம்மான்னு கேட்டா, நம்மகிட்டதான் கட்டில் இருக்கே, வீட்டுக்கு ரெண்டு எதுக்கும்பாங்க. இருந்துச்சுதான். இந்த ஊர்ல, பக்கத்து வீட்டு ரூம்ல இருந்துச்சு. நாங்க படுத்தது வெறுந்தரையில.

ஆமாம்மா, இதே ஊர்தான். உங்ககிட்ட சொல்லலையா? சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கப்பா செத்து அப்ப ஒரு வருஷம்கூட ஆகல. அம்மா தைச்சாத்தான் அடுப்பு எரியும். ஒரு மத்தியானம், உலை கொதிச்சுட்டிருக்கு, ஆளுங்க தெருமுனைக்கு வந்துட்டாங்கன்னு சத்தம். வீடு வீடா கொளுத்திட்டு வர்றாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க கொளுத்த வந்தவங்க பக்கத்து ஆளுங்க, அவங்களை ஒண்ணும் செய்ய மாட்டாங்க. நல்லாப் பழகினவங்கதான். எனக்குக் காது குத்தினப்ப மடியில உக்கார வெச்சுப் பிடிச்சுக்கிட்டதே அவங்கதான்னா பாத்துக்குங்க. மெஷின், பீரோ, கட்டில், பாத்திரம் பண்டம்னு முடிஞ்சதை எல்லாம் பின்பக்கமா இழுத்து அவங்க ரூம்ல போட்டாங்க அம்மா. பாத்துக்கோங்கக்கான்னாங்க. பாத்துக்கிறேன், நீ புள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடுன்னாங்க அவங்க.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை வருஷமா மென்னுட்டிருக்கேன். நம்ம பேச்சுல அதை ரெண்டுக்கும் சொல்றோம், கவனிச்சீங்களா? பச்சப்புள்ளையைக் கையில வாங்கிக்கிட்டும் பாத்துக்கிறேன்னு சொல்வோம். சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, இருடா, உன்னைப் பாத்துக்கிறேன்னும் சொல்வோம். எங்கம்மா முதல்ல சொன்னதை நம்பினாங்க. எனக்கு ரெண்டாவதுதான் ஒத்து வந்துச்சு.

அப்புறம் சண்டை ஓஞ்சுது, போய்ப் பாக்கலாம்னு விட்டாங்க. நான் அப்பதான் பள்ளிக்கூடம் முடிச்சிருந்தேன். அம்மா என்னையும் கூட்டிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தாங்க. வழியெல்லாம் ஒரே பேச்சு. மெஷினுக்கு எண்ணெய் விடணும், பெல்ட்டு மக்கிப் போயிருக்கும், புதுசு மாத்தணும்னு. எங்க வீடு இருந்த இடத்துல புல்லு முளைச்சிருந்துச்சு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். திறந்தவங்க எங்களை மேலயும் கீழயும் பாத்துட்டு, யாரு நீங்க, எந்த வீடு, இங்க யாரும் எதையும் வெச்சுட்டுப் போகலையேன்னாங்க. கூச்சம்னு ஒண்ணு இருந்தா கதவையாவது சாத்திட்டுச் சொல்லியிருக்கலாம். திறந்தே இருக்கு. நேரா ஹால்ல எங்க பீரோ. அந்தப் பீரோ கண்ணாடியில எங்கம்மா தெரியறாங்க. கசங்கின புடவை, கையில பிளாஸ்டிக் பை, அடுத்தவங்க வாசல்ல நிக்கறாங்க. அம்மா என்னைப் பாக்கல, அவங்களையும் பாக்கல, அந்தக் கண்ணாடியையே பாத்துட்டு நின்னாங்க. பக்கத்துல மெஷின். தைச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். மேல துணி விரிச்சு டிவி வெச்சிருந்துச்சு. அந்த மெஷின் இல்லாமத்தான் எங்கம்மா அடுத்தவன் மூத்திரத்தை வழிச்சுத் துடைச்சாங்க.

அம்மா குடிக்கத் தண்ணி மட்டும் கேட்டாங்க. குடுத்தீங்க. எங்க டம்ளர்லயே குடுத்தீங்க.

ஆமா அத்தை, நான்தான். இவ்வளவு நேரம் உங்களை அம்மா அம்மான்னு கூப்பிட்டதுல நாக்கே கூசிப்போச்சு. அத்தைன்னுதானே கூப்பிடுவேன்? முடியை வெட்டிக் கண்ணாடி போட்டதுல உங்களுக்கு அடையாளம் தெரியல. பரவாயில்ல, அன்னிக்கு முடியோடதான் வந்தேன், அன்னிக்கும் தெரியல.

ரெண்டு தட்டு. வேணாமா? எது வேணாம்? கை வராது அத்தை, பலகையோட பிடிச்சிருக்கும். இருங்க, நானே உடைச்சு எடுத்துடுவேன், உங்களை ஒண்ணும் செய்யப் போறதில்ல. ஆத்திரம்தான். இல்லேன்னு சொன்னா அது பொய். சோத்தைவிட ஆத்திரத்தை அதிகமாத் தின்னு வளர்ந்தவ நான். மேடையில என்னைக் கூப்பிட்டு எதுக்காகக் கலை செய்யறீங்கன்னு கேப்பாங்க, மனித நேயம்னு ஏதாவது சொல்லிட்டு இறங்குவேன். உங்களுக்காகத்தான் அத்தை செஞ்சேன். ஒவ்வொண்ணையும் உங்க மூஞ்சியை நெனைச்சுட்டுத்தான் செஞ்சேன்.

இந்த ஊர்ப் பக்கமே தலை வைக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நகர மன்றத்துல கண்காட்சி வைக்கக் கூப்பிட்டாங்க. சும்மா ஒரு எட்டு பாத்துட்டு, முடியாதுன்னு சொல்லலாம்னு வந்தா, அங்க நடந்த கூட்டத்துல நீங்க மைக்கைப் பிடிச்சுட்டு நிக்கறீங்க. ஓடிப்போனவங்களோட சாமானை எல்லாம் கண்ணுக்குக் கண்ணாக் காப்பாத்திட்டு வர்றேன், என்னிக்கு வந்து கேட்டாலும் எடுத்துக் குடுத்துடுவேன்னு. ஓடிப்போனவங்களாம்! அத்தனை பேரும் கை தட்டினாங்க. நானும் உள்ளங்கை எரியுற அளவுக்குத் தட்டினேன். அப்பதான் எனக்குத் தோணுச்சு. அந்தம்மாவோட முகத்தை அச்சு எடுக்கணும்னு மன்றத்துக்காரங்ககிட்ட நான்தான் சொன்னேன். அந்தச் சாமானையும் கண்காட்சியில வைக்கலாமேன்னு உங்ககிட்ட கேட்டதும் நான்தான். ஊரே கை தட்டினப்புறம் எந்த வாயால இல்லேம்பீங்க? காலையில இதே நாற்காலியில உக்காந்துதானே மருமகளுக்குப் போன் போட்டீங்க, கண்காட்சி வண்டி வரும், அவங்க காட்டறதை எல்லாம் எடுத்துக் குடுத்து அனுப்புன்னு?

இருங்க, போன் அடிக்குது. கையெல்லாம் மாவு.

ம், சொல்லுடா. ம். ஏத்தியாச்சா? கண்ணாடிக்கு நடுவுல போர்வை வை, பள்ளம் வரும். டிவியை இறக்கித் தரையில வெச்சுடு, அது அவங்களுது. அப்படியா? சரி, அம்மாவை முன்சீட்டுல உக்கார வை. நேரா கிளம்பிடுங்க, எனக்காக நிக்காதீங்க.

தம்பிதான் அத்தை. நாங்க ஓடினப்ப இடுப்புல இருந்தானே, அவன். வண்டி அவனுதுதான். அம்மாவும் கூடப் போயிருக்காங்க, எது எங்களுது எது உங்களுதுன்னு அவங்களுக்குத்தானே தெரியும். உங்க மருமக தங்கமான பொண்ணாம், அம்மாவை உக்கார வெச்சு டீ போட்டுக் குடுத்தாளாம், கண்காட்சிக்கு நாங்களும் வரலாமாம்மான்னு கேட்டாளாம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சாம். தம்பிக்கு நம்பவே முடியல, போன்ல குரலே மாறிப் போச்சு அவனுக்கு.

போலீஸுக்குப் போறதுன்னா தாராளமாப் போங்க. மைக்குல சொன்னதையே அங்கயும் சொல்லுங்க. வந்து கேட்டாங்க, குடுத்துட்டேன்னு.

போதும் அத்தை, தட்டாதீங்க, குதிகால் நோகும். காஞ்சிடுச்சு. உள்ளுக்குள்ளயே முகத்தைச் சுளிங்க, தானா விட்டு வரும். நல்லாத்தான் வந்திருக்கும்னு நெனைக்கிறேன். ஆனா எனக்கு வேணாம், போகும்போது நீங்களே எடுத்துட்டுப் போங்க. ஹால்ல மாட்டிக்கலாம், இப்ப அங்க நிறைய இடம் இருக்கும்.