என் வீட்டுக்காரியின் உளி

டீயில் சர்க்கரை போதும் சார். வீட்டில் இதைவிடக் கம்மியாகத்தான் போடுவோம். இப்போது டீ போடுவதும் நான்தான்.

எங்கள் தொழில் உங்களுக்குப் பழக்கமில்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். பரிசுக் கோப்பையிலும் கேடயத்திலும் பெயர் வெட்டுகிறவன் நான். என் எழுத்தைக் குறை சொன்னவர் கிடையாது. ஆனால் உருவம் வெட்டுவது வேறு வித்தை. வெறும் கோடு போட்டால் முகம் சப்பையாகக் கிடக்கும். கன்னம் திரண்டு வர நிழல் கொடுக்க வேண்டும். மயிரிழைக் கோடுகளை இருட்டு வேண்டிய இடத்தில் நெருக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தில் உளியை மெல்லத் தூக்கி, கோடு எங்கே முடிந்தது என்றே தெரியாமல் விட வேண்டும். எனக்கு அது கைவரவில்லை. என் மனைவிக்கு வந்தது.

கடைக்கு ஒத்தாசையாக வந்தவள், செல்போனில் யாரோ வெட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் செப்புத் தகட்டில் பழகினாள். முதலில் உருண்டை, பிறகு இலை, பிறகு குருவி. "இங்க பாருங்களேன், குருவிக்கு வயிறு உப்பிடுச்சு!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அப்புறம் என் முகத்தை வெட்டினாள். நான் உள்ளறையில் இருந்தபோது, கோப்பை வாங்க வந்த புது வாத்தியார் ஒருவர் அதைக் கையில் எடுத்து, "யாரும்மா இந்த ஆளு? பாத்தாலே ரெண்டடி தள்ளி நிக்கத் தோணுது" என்றார். அவள் தகட்டை வாங்கி வைத்துவிட்டுக் கோப்பையை எடுத்துக் கொடுத்தாள். அவர் போனதும் நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூக்கு, காது எல்லாம் அச்சு அசல் நான்தான். கண்ணுக்குக் கீழே மட்டும் கோடுகளை அப்படி நெருக்கியிருந்தாள். பக்கத்தில் படுத்து எழுகிறவள் என்னை இப்படியா பார்க்கிறாள்?

அவளுடைய குருவியைச் செல்போனில் பார்த்துவிட்டு வெளியூர்ப் பட்டறைக்காரம்மா ஒருவர் கூப்பிட்டார். ஒரு தகடு முழுசாக வெட்டிக் கொண்டு வா, பிடித்திருந்தால் இங்கேயே தங்கி வேலை செய்யலாம் என்று. "போய்ட்டு வரேங்க" என்றாள். தங்கப் போகிறவள் சொல்கிற பேச்சைப் பாருங்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் சார். அவள் இல்லாத வீட்டுக்குள் நான் எப்படி நுழைவேன்?

வேலை தொடங்குமுன் உளி முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்போம். கூராக இருந்தால் நகத்தில் பிடிக்கும், மழுங்கியிருந்தால் வழுக்கும். எங்களுக்குக் கூரான உளியைவிட மழுங்கினதிடம்தான் பயம். அது தகட்டில் நிற்காமல் சறுக்கி, தகட்டை இறுக்கி வைக்கும் வைஸைப் பிடித்திருக்கும் இடது கையில் இறங்கிவிடும். அடுத்தவர் உளியை யாரும் தொடமாட்டோம். அதனால் பாதி வேலையில் எழுந்து போனவர்கள், திரும்பி வந்து மறுபடி நகத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை.

அடுப்பை அணைக்க அவள் உள்ளே போனபோது, அவள் உளியின் முனையை அரத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். அந்தத் தடவை வெறும் கீறல்தான். நானே மருந்து போட்டுக் கட்டினேன். "நான் தீட்டினதுதான் சரியில்ல போல" என்று பாவம், தன்னையே நொந்துகொண்டாள். "அழுத்தம் பத்தல. தோளக் குடுத்துத் தள்ளு" என்று யோசனை சொன்னேன்.

நான் மறுபடி தட்டி வைத்த அடுத்த தடவை, அவள் தோளைக் கொடுத்துத்தான் தள்ளினாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். நரம்பு அறுந்துவிட்டது, இடது கைக் கட்டைவிரல் இனி மடங்காது என்றார் டாக்டர்.

அதோடு விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தகட்டை ஒரு மரக்கட்டையில் திருகி வைத்து, வலது கையால் மட்டும் வெட்டப் பழக ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு தடவை உளியை எடுக்கும்போதும் நகத்தில் வைத்துப் பார்த்தாள். பார்க்கும்போது கண் என் மேலேயே இருக்கும். தூங்கும்போதும் உளியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறைத்திருக்கமாட்டேன்.

வலது கைக்கு உளி தேவைப்படவில்லை. எங்கள் கடைக் கதவு கனத்த இரும்பு. அவள் கதவு நிலையில் வலது கையை வைத்துக்கொண்டு நின்றாள், நான் சாத்தினேன். கை இருந்தது தெரிந்துதான் சாத்தினேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மச்சான் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. தங்கச்சி பாசம், கொடுக்கத்தான் செய்வார். ஆனால் அவள் என்னைக் கண்டு நடுங்குகிறாள் என்று சொன்னாராமே, அது அபாண்டம். அவளுக்குச் சோறு ஊட்டுவதும் தலை பின்னிவிடுவதும் நான்தான். பின்னும்போது என் விரல் அவள் கழுத்தில் படும். அப்போது அவள் கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். நம்பிக்கை இல்லாதவளாக இருந்தால் அப்படி உட்காருவாளா சார்?