சொக்ஸுக்குள் மறைத்த காயம்

ஹலோ... ஹலோ... ஆர், லண்டன் நாகேந்திரம் தம்பியோ?... ஓம் ஓம், அண்ணிதான், அன்னபாக்கியம்தான் கதைக்கிறன்... கேக்குது, சொல்லுங்கோ... இது ஓட்டோக்கார ஹமீட்டின்ர போன். வார்டுக்கு வெளியில நிண்டு கதைக்கிறன்.

...ஓம், உங்கட அண்ணர் இருக்கிறார். மூச்சு மிஷினிலதான் ஓடுது.

...ஊசி போட்ட உடன நல்லா இருந்தவர் தம்பி. அதுக்கு முதல், விடிய வாய் கோணி, வலக்கை விழுந்திட்டுது. ஹமீட்தான் தூக்கிப் போட்டு, செக்பொயின்ற்றில கெஞ்சி மண்டாடி நேரத்தோட கொண்டந்து சேர்த்தவன். மூளையில ரத்தம் கட்டிப் போச்சாம். அதைக் கரைக்கிற ஊசி... ஓம். போட்டுக் கொஞ்சத்தால கையைத் தூக்கினார். பாக்கியம் எண்டு என்னைக் கூப்பிட்டார்... ஓம், கதைச்சவர். பிறகுதான் தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சது.

...இல்லை... இல்லைத் தம்பி, பிழையான ஊசி இல்லை... ஓம், சிங்கள டொக்டர்தான். அதுக்கு?... அவர் ஏன் வேணுமெண்டு செய்யோணும்?

பொறுங்கோ. என்னையும் கொஞ்சம் கதைக்க விடுங்கோ.

அவர் என்னை இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினவர். கனகேஸ்வரி எண்டு ஒரு நேர்ஸ் பிள்ளை தமிழில சொன்னது. வெண்குழியம் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சனாங்களெல்லே, கிருமி வந்தாப் போய் அடிக்கிறது... ஓம் ஓம், ரத்தத்தில இருக்கிற வெள்ளை அணு. இவருக்கு அது கூடிப்போய்க் கிடந்ததாம். அடைப்பு வந்த இடத்துக்கு அதுகள் ஓடிப் போகுமாம். போய் மூளையில இருக்கிற சின்ன ரத்தக் குழாயில ஒட்டிக்கொண்டு, ஏதோ ஒண்டைக் கக்கி, குழாயின்ர சுவரையே அரிச்சுப்போடுமாம்... ஓம், காப்பாத்த வந்ததுகள்தான். ஊசியால ரத்தம் உறையவும் மாட்டுது. சுவர் விட்டிட்டுது.

...ஏன் கூடினதோ? உங்களுக்குத் தெரியாதே?

கால், தம்பி. ஆணி குத்தின கால்... ஓம், சீழ் பிடிச்சு, காய்ச்சலும் காய்ஞ்சுகொண்டு கிடந்தவர். மருந்தெடுக்கப் போகட்டோ எண்டு நான் உங்களைக் கேக்கேல்லையே? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?... இல்லை, உங்கட வாயால சொல்லுங்கோ...

சரி, நான் சொல்லுறன். யாழ்ப்பாணத்து ஆம்பிளை காலில காயத்தோட கொழும்பு ஆசுப்பத்திரிக்குப் போனா, புலியெண்டு பிடிக்க முதல் வாறது பொலிஸ், பிறகுதான் டொக்டர் எண்டு சொன்னனீங்கள். இஞ்ச தங்கக் கொட்டாஞ்சேனைப் பொலிஸில போட்ட பதிவும் முடிஞ்சுபோச்சு, லொட்ஜை விட்டு வெளிக்கிடாதேங்கோ, காய்ச்சலுக்குப் பனடோலைக் குடுங்கோ எண்டனீங்கள்... ஓம், எனக்கும் பயம்தான். போன வருஷம் லொட்ஜ்களில இருந்த தமிழ்ச் சனத்தைப் பொலிஸ் பஸ்ஸில ஏத்தி ஊருக்குத் துரத்தினதைக் கேள்விப்பட்டனாங்கள்தானே.

அந்தப் பயத்திலதான் காலுக்குச் சொக்ஸைப் போட்டு இஞ்ச கொண்டந்தனான். காயம், காய்ச்சல் ஏதும் இருந்ததோ எண்டு டொக்டர் கேட்டவர். நான் இல்லையெண்டிட்டன்... ஓம், இல்லையெண்டுதான் சொன்னனான். ரத்தச் சோதனை முடிவு வர முந்தி ஊசியைப் போட்டவை, நேரம் போகக் கூடாதெண்டு.

...பிறகு சொக்ஸைக் கழட்டினது அவர்தான், தன்ர கையால. வார்டெல்லாம் நாத்தம்... ஏசேல்லை. ஏன் அம்மா சொல்லேல்லை எண்டு மட்டும் கேட்டார். கால்தான் காரணமெண்டு அடிச்சுச் சொல்லேலாதாம், ஆனா தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பாராம். நான் என்னத்தைச் சொல்ல? உங்கட பொலிஸுக்குப் பயந்துதான் எண்டு அவரிட்டைச் சொல்லுறதோ?

ஹமீட்டை விட்டா, இந்த ஊரில அடையாள அட்டையைக் கேக்காமல் இவற்ற கையைப் பிடிச்சது அந்த மனிசன்தான்.

...என்ன?... ஆரிட்டைச் சொன்னனீங்கள்?... ரேடியோவிலயோ? லண்டன் ரேடியோவில... சிங்கள டொக்டர் ஊசி போட்டுக் கொலை செய்திட்டாரெண்டோ? பேரோடையோ? டொக்டரின்ர பேரோடையோ?

...தம்பி, இவர் இன்னும் சாகேல்லை.

...நீதியோ. ஓம், நீதி. இனிப் பொலிஸ்காரர் இஞ்ச விசாரிக்க வருவினம். வந்தா முதல் அந்தக் காலைத்தான் பாப்பினம். டொக்டரும் இனி இவருக்குக் கிட்ட வர யோசிப்பார்... வேற தமிழ் டொக்டரோ? மிஷினைக் கழட்டிப்போட்டு எங்க தூக்கிக்கொண்டு போறது?

...அழாதேங்கோ. அதைக் கேக்க எனக்கு இப்ப பொறுமையில்லை.

...வேண்டாம். இனி இந்த நம்பருக்கு எடுக்காதேங்கோ... ஆர் அறிவிக்கிறதோ? உங்கட அண்ணர் செத்தா, அதையும் நீங்கள் ரேடியோவிலயே கேளுங்கோ.

வைக்கிறன்.