பெயின்ட் உரியாமல்

பழைய சைக்கிளுக்கு விலை சொல்வது பெரிய வித்தையில்லை, ஆபீசர். ஒரு காந்தம் போதும். ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் இரும்பு, கிளம்பிவிடலாம். ஒட்டாவிட்டால் அலுமினியம், மேலே பேசலாம். அடுத்து சீட்டைப் பிடித்துத் திருக வேண்டும். துருவேறி இறுகியிருந்தால் பாதி விலைகூடத் தேறாது. கடைசியாக பெயின்ட். கம்பெனியில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தால், அடிமாட்டு விலைக்குப் போகும் வண்டிகூட நாலு பேர் கண்ணில் படும்.

அன்று கிளிஃப் நைகார்டின் கொட்டகையில் நான் செய்ததும் இந்த வேலைதான்.

கிளிஃப் ஷெபாய்கன் பக்கத்தில் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரார் வேண்டாமென்று தள்ளிய ரேஸ் சைக்கிள்களையெல்லாம் கொட்டகையில் சேர்த்து வைத்திருந்தார். வீட்டை விற்றுவிட்டு மகள் இங்க்ரிட்டோடு மேடிசனில் இருக்கப் போவதாகச் சொல்லி என்னை வரச் சொன்னார்.

"வந்துட்டியா கழுகு? நான் இன்னும் சாகலடா," என்றார் என்னைப் பார்த்ததும். செத்தவர்கள் வீட்டுச் சைக்கிள்களைத்தான் நான் அதிகம் வாங்குவேன் என்பது ஊருக்கே தெரியும்.

"அவசரமில்ல கிளிஃப். வெயிட் பண்றேன்," என்றேன். இருவரும் சிரித்தோம்.

மொத்தத்துக்கும் ஒரு விலை சொன்னேன். அந்தக் காசுக்கு வெள்ளிக்கிழமை மீன் வறுவலும் ரெண்டு பீரும்தான் வரும் என்று முணுமுணுத்தார். ஆனாலும் கை குலுக்கினார். எங்கள் பக்கத்தில் கை குலுக்கிவிட்டால் பொருள் கைமாறிய மாதிரிதான். அந்த நிமிடத்திலிருந்து அவை என்னுடையவை. இதை மறந்துவிடாதீர்கள்.

சைக்கிள்கள் ஒரு நீள உத்தரத்தில் கொக்கி போட்டு வரிசையாகத் தொங்கின. கோடியில் ஒரு சிவப்பு. ஜப்பானில் செய்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நேற்று அடித்தது போல பெயின்ட். அதை இறக்கித் தரச் சொன்னேன். ஏணி ஏறுகிற வயசா எனக்கு என்று சலித்துக்கொண்டே ஏறினார்.

உத்தரம் உளுத்திருந்ததை நான் வந்ததுமே பார்த்திருந்தேன். குறை பார்ப்பதுதானே என் தொழில். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காத குறையைச் சொல்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

கிளிஃப் கொக்கியைப் பிடித்து இழுத்தார். எல்லாமாகச் சரிந்தது.

அவருடைய முகமும் ஒரு கையும்தான் வெளியே தெரிந்தன. மார்பின்மேல் அந்தச் சிவப்பு. அதன்மேல் உத்தரம். உத்தரத்தின்மேல் மற்ற சைக்கிள்கள், ஒன்றின் பெடல் இன்னொன்றின் கம்பிக்குள் புகுந்து, ஒரே சிக்கல்.

"மெதுவாடா டேல். சிவப்புல கீறல் விழுந்துடப் போவுது," என்றார். அப்போதும் கிண்டல்தான். அதை நான் அவருடைய விருப்பமாக எடுத்துக்கொண்டேன்.

போன் என் சட்டைப் பையில் இருந்தது. தீயணைப்புக்காரர்களை எனக்குத் தெரியும். நல்ல பையன்கள், ஆனால் கையில் வெட்டு மெஷினோடுதான் வருவார்கள். அதனால் கூப்பிடவில்லை.

மேலிருந்து ஆரம்பித்தேன். காந்தம் ஒட்டியதை முற்றத்தில் வீசினேன். ஒட்டாததைப் பெடல் பெடலாகப் பிரித்து, சுவரில் சாய்த்து, ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் சாக்கு வைத்தேன். ஒவ்வொன்றையும் இழுத்துப் பிரிக்கும்போது கீழே உத்தரம் அசைந்து கொஞ்சம் இறங்கியது. கிளிஃப் இப்போது கிண்டல் செய்யவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. நானும் சும்மா நிற்கவில்லை. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அப்படி வியர்வை சிந்தியவனைப் பார்த்து, உதவவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மிச்சம் உத்தரமும் சிவப்பும். காலால் ஓங்கி ஒரு உதை விட்டிருந்தால் உத்தரம் உருண்டு போயிருக்கும். சிவப்பின் பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு போயிருக்கும். ஆகவே ஜாக்கி வைத்துத் தூக்குவதென்று முடிவு செய்தேன். ஜாக்கி வெளியே நின்ற என் வண்டியில் இருந்தது. நடுவில் கொடுக்க ஒரு போர்வையும் வேண்டியிருந்தது.

தூக்கினேன். சிவப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

அதை இன்னும் விற்கவில்லை. ஆட்கள் வந்து விலை கேட்கிறார்கள். சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அப்பா கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று இங்க்ரிட் கேட்டாள். நினைவு தப்பிவிட்டது, எதுவும் பேசவில்லை என்றேன். உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் வாசலைத் தாண்டும்போது சொன்னார். "பெயின்ட் கெடக்குது விடு டேல். உதைச்சுத் தள்ளுடா."

தெளிவாகத்தான் சொன்னார். நான் போர்வை எடுக்கப் போனேன்.